பாய் சொல்ல, நான் சுற்ற

செப்டம்பர் 8, திங்கள்

விடியற்காலையிலிருந்தே புழுக்கம். வானம் மூடிக்கிடக்கிறது. மழைதான் இல்லை.

தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் ரஃபீக் பாய் கடை பூட்டிக் கிடந்தது. பயிற்சிக்குச் சேர்ந்த இத்தனை மாதத்தில் நான் போகும்போது ஷட்டர் இறங்கியிருந்தது இதுதான் முதல் தடவை. வாசலில் எரிந்துபோன மோட்டார் ஒன்று, யாரோ இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்து டீக்கடையில்தான் விஷயம் தெரிந்தது. ரஃபீக் பாய் நேற்று சாயங்காலம் பிள்ளையார்குப்பம் போகிற வழியில் வண்டியோடு விழுந்துவிட்டார். நாய் குறுக்கே. வலது கை மணிக்கட்டு முறிவு.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். பாயின் மனைவி ஷமீம் அக்கா கதவைத் திறந்தார். அழுத கண். பாய் கட்டிலில் படுத்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனி மட்டும் வெளியே தெரிய, முழங்கை வரை மாவுக்கட்டு.

"தீபாவளி தாண்டிடும் போலருக்குதும்மா. கடைய மூடிடறேன். நீ வேற எடம் பாத்துக்கோ."

 டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். நன்றாக இருந்தது டீ. அந்த நேரத்திலும் அது தோன்றியது.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "சரி வுடு. நடவு வருது, ஆளு கெடைக்கல. வூட்டுல இரு" என்றார். குரலில் ஒரு நிம்மதி. அதுதான் எரிச்சல்.  பாத்திரம் கொஞ்சம் சத்தமாகவே கழுவினேன்.

நாளைக்கு: மேடத்துக்கு போன். யாழினி யூனிஃபார்ம் பொத்தான். அரிசி ஊறவைக்க.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஐ.டி.ஐ.யில் பயிற்சியாளர்களைப் பார்த்துக்கொள்ளும் தமிழரசி மேடத்துக்கு போன் போட்டேன். போன வருடம் எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு வந்து பேசியவர் அவர்தான். பத்தாவது போதும், கடையிலேயே தொழில் கற்கலாம், வாரம் ஒரு நாள் வகுப்பு, கடைசியில் தேர்வு எழுதினால் சர்க்கார் சர்ட்டிபிகேட் என்றார். படிப்பு என்பது மகள் யாழினி பிறந்ததோடு முடிந்த விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

இன்று மேடம் சொன்னது வேறு. கடை மூடியிருந்தால் பயிற்சி ஒப்பந்தம் செல்லாது. வில்லியனூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு மாற்றித் தரலாம். மின்விசிறி மோட்டார் செய்கிற இடம். ரெண்டு பஸ் மாறணும், ஷிப்ட் உண்டு.

அங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

"ஒருத்தர் கம்பி காயில் எறக்குவாங்க, ஒருத்தர் டேப் சுத்துவாங்க. உனக்கு ஒண்ணு குடுப்பாங்க."

முழு மோட்டார் பிரித்து முழு மோட்டார் சேர்க்கத்தானே இத்தனை நாள் கற்றுக்கொண்டேன். ஷிப்ட் என்றால் யாழினியை யார் பார்ப்பது. மாற மாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. ஒரு வாரம் டைம் கேட்டேன். கொடுத்தார்.

பொத்தான் தைத்தாயிற்று. வேறு நிறம். யாழினி கவனிக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

இரண்டு நாளாக ஒரே யோசனை. இன்று முடிவு செய்து பாய் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தது எதுவும் அங்கே வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"பாய், உங்க கைதானே ஒடஞ்சிது. வாய் நல்லாதானே இருக்குது."

முதலில் சிரித்தது ஷமீம் அக்கா. பாய் சிரிக்கவில்லை.

நான் மீதியைச் சொன்னேன். கடையைத் திறப்போம். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுங்கள், நான் சுற்றுகிறேன். ஆடி மாதம் கடையில் இருந்த வேலைக்காரர்கள் இரண்டு பேரும் வளைகுடாவுக்குப் போன பிறகு பாதி மோட்டார் நான்தானே சுற்றினேன்.

"நீ சுத்துனே. நான் கூட நின்னேன். கையால தொட்டுப் பாத்துதான் வெளிய அனுப்புனேன்." நிறுத்தி நிறுத்திப் பேசினார். "இது வெளையாட்டு இல்லம்மா. தப்பாச்சுன்னா ஒருத்தன் வயலு காயும். நடவு நேரம்."

"தப்பா சுத்துனா சொல்லுங்க. பிரிச்சிட்டு மறுபடி சுத்துறேன்."

பாய் மறுபடி ஃபேனைப் பார்த்தார்.  அப்புறம் ஷமீம் அக்கா சொன்னார், "வூட்டுல உக்காந்து ஃபேன மொறச்சிக்கினு இருக்கறதுக்கு, கடையில உக்காந்து இவள மொறைங்க."

நாளைக்குக் கடை திறக்கிறோம்.

செப்டம்பர் 12, வெள்ளி

வெயில். ஷட்டர் தூக்க ரெண்டு கை வேண்டும். நானும் ஷமீம் அக்காவும் சேர்ந்து தூக்கினோம். உள்ளே வார்னிஷ் வாசனையும் எலிப்புழுக்கையும். மேடத்துக்கும் போனில் சொல்லிவிட்டேன், வந்து பார்க்கிறேன் என்றார்.

விவசாயிகள் வந்தார்கள். பாயின் கையைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். "கை சரியாவட்டும், அப்பறம் வரேன் பாய்" என்று மோட்டாரை வண்டியிலிருந்து இறக்காமலே போனார்கள். ஒருவர் மட்டும் என் முன்னாலேயே கேட்டார்: "வயல்ல போர்ல எறக்கறதும் இந்தப் பொண்ணுதானா?" பாய் பதில் சொல்வதற்குள் ஆமாம் என்றேன். அவரும் போய்விட்டார்.

மத்தியானத்துக்கு மேல் கோமதி அம்மா வந்தார். எங்கள் செலியமேட்டில் வாய்க்கால் பக்கம் நிலம். வீட்டுக்காரர் தவறிப் போன பிறகு நெல்லும் கரும்பும் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். ஆட்டோவில் மோட்டார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பொம்பளப் புள்ளன்னு ஒன்ன நம்பி வரல. வேற கடையில பத்து நாள் ஆவும்ங்கறான். என் நாத்து அவ்ளோ நாள் தாங்காது. அதான் வந்தேன்."

அது போதும் எனக்கு.

செப்டம்பர் 15, திங்கள்

சனி, ஞாயிறு கடையிலேயே. கோமதி அம்மா மோட்டார். பழைய கம்பிக் காயில் முழுக்கக் கருகியிருந்தது. வெட்டி எடுத்து, எத்தனை சுற்று, எந்தத் துளையிலிருந்து எதற்கு என்று படம் வரைந்துகொண்டேன். பாய் இடது கையால் ஒரு நீளக் குச்சி வைத்துக்கொண்டு காட்டுகிறார். "அந்தக் காது. இல்ல, அதுக்குப் பக்கத்துக் காது." அவர் துளையைக் காது என்றுதான் சொல்வார்.

ஒயரை ஒவ்வொரு துளையாகக் கோத்து இழுக்க வேண்டும். மேலே உள்ள பிளாஸ்டிக் உறை கீறினால் எல்லாம் வீண், தண்ணீருக்குள் போய் ஷார்ட் ஆகிவிடும். நேற்று கீறியது. பாய் பார்க்கவில்லை. நானே சொன்னேன். பாதி சுற்றியதைப் பிரித்தோம். மறுபடி முதலிலிருந்து. விரல் இடுக்கில் எரிச்சல், சாம்பார் பிசைய முடியவில்லை. ஸ்பூனில் சாப்பிட்டேன். யாழினி கேலி.

இன்று முடிந்தது. தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி வைத்து மெக்கர் போட்டோம். மெக்கர் என்பது கரண்டு எங்காவது கசிகிறதா என்று காட்டுகிற மீட்டர். முள் மேலே போய் நின்றது, கசிவு இல்லை. பாய் ரொம்ப நேரம் முள்ளையே பார்த்தார். "ம்" என்றார்.

அந்த "ம்"முக்காகச் சாயங்காலம் பஜ்ஜி வாங்கிப்போனேன். இவரும் சாப்பிட்டார். எதற்கு என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வயலில் இறக்கியாயிற்று. கூலிக்கு இரண்டு பேர். மூன்று கால் இரும்புக் கம்பம் நட்டு, சங்கிலியில் பிடித்து மெல்ல மெல்ல போர்க் குழாய்க்குள். கேபிள் ஜாயிண்டு நான்தான் போட்டேன். பாய் வரப்பில் குடையோடு உட்கார்ந்திருந்தார். சுடிதார் முழங்கால் வரை சேறு.

ஸ்டார்ட்டர் போட்டதும் தண்ணீர். கோமதி அம்மா உடனே மடை திறக்கப் போய்விட்டார். 

வழியில் எங்கள் தெரு ஆள் ஒருவர் பார்த்தார். ராத்திரி இவர் காதுக்கு விஷயம் வந்துவிட்டது. "கடைக்குள்ள உக்காந்து சுத்தறது வேற. ஊரான் வயல்ல போய் எறங்கறது வேற" என்றார். தேர்வுக்கு வயல் வேலையும் உண்டு, அதைச் செய்ததாகப் பாய் எழுதித் தந்தால்தான் பரீட்சையில் உட்கார முடியும் என்று சொன்னேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மோட்டார் நின்றுவிட்டது.

கோமதி அம்மா காலையில் போன் செய்தார். ஸ்டார்ட்டர் போட்டதும் தானாகவே ஆஃப் ஆகி விழுந்துவிடுகிறதாம். திட்டவில்லை. "நாத்துக்கு வயசாயிகினு போவுது ஜெயந்தி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

போய்ப் பார்த்தேன். மோட்டாரை மேலே தூக்கினால்தான் தெரியும். அந்த இரண்டு கூலி ஆட்களும் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். டீக்கடையில் பேச்சு எப்படி இருக்கும் என்று தெரியும். பாய்க்குப் போன் போட்டேன். வேறு ஆள் பார்க்கிறேன் என்றார், குரல் இறங்கிப் போயிருந்தது. கடையைத் திறக்கவைத்தது நான். பெயர் போவது அவருக்கு.

சமைக்கப் பிடிக்கவில்லை. சமைத்தேன். ரசம் மட்டும்.

இவர் சாயங்காலம் வந்தார். முகம் சரியில்லை. டீக்கடையில் எவனோ "சீனு பொண்டாட்டி போட்ட மோட்டாரு" என்று சிரித்திருக்கிறான். இனி கடைப்பக்கம் போகாதே என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்து, சொல்ல வேண்டிய பதிலையும் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"காலையில எத்தினி மணிக்குத் தூக்கணும்?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. மறுபடி கேட்டார். "சங்கிலி இழுக்க ஆளு வேணுமில்ல. எத்தினி மணிக்கு?"

செப்டம்பர் 22, திங்கள்

ஆறு மணிக்கே வயலில். இவரும், இவர் சிநேகிதர் ஒருவரும். பாய் வரவில்லை, காய்ச்சல். போனில் இருந்தார், ஸ்பீக்கரில்.

மோட்டார் மேலே வந்தது. கேபிளோடு மெக்கர் போட்டேன். முள் எழவே இல்லை.  ஜாயிண்டை வெட்டிவிட்டு மோட்டாருக்கு மட்டும் தனியாகப் போட்டேன். முள் மேலே போனது. சுற்றியது சரி. தவறு ஜாயிண்டில். டேப்பைப் பிரித்தால் உள்ளே ஈரம். அன்றைக்குச் சேற்றுக் கையை வாய்க்காலில் கழுவிவிட்டு அப்படியே டேப் சுற்றியிருக்கிறேன்.

போனில் சொன்னேன்.

"ஈரம் எங்கேருந்து வந்துச்சு?" என்றார் பாய்.

"என் கையிலேருந்து."

கொஞ்ச நேரம் இருமல். அப்புறம், "அப்ப கையத் தொடச்சிட்டுச் சுத்து."

இவர் தன் துண்டை நீட்டினார். துடைத்தேன். புது ஜாயிண்டு. இழுத்து இழுத்து ஒவ்வொரு அடுக்காக. பக்கெட் தண்ணீரில் ஜாயிண்டை ஊறப்போட்டு மறுபடி மெக்கர். இந்தத் தடவை வேண்டுமென்றே ரொம்ப நேரம் ஊறவிட்டேன். கோமதி அம்மா பக்கத்திலேயே நின்று முள்ளைப் பார்த்தார். "மேல போனா நல்லதா, கீழ போனா நல்லதா?" என்று கேட்டார். மேலே என்றேன். மேலே போனது.

தண்ணீர் பாய்ந்தது. கோமதி அம்மா மடைக்குப் போகுமுன் என்னிடம் சொன்னார், "என் தம்பி மோட்டாரும் ஒக்காந்துகெடக்குது. இட்டாந்து போடச் சொல்றேன்."

வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை இவரே தள்ளிக்கொண்டு வந்தார். என் சைக்கிள்.

அக்டோபர் 6, திங்கள்

எழுத நேரமில்லை. கடையில் மோட்டார்கள் வரிசையாக. கோமதி அம்மா தம்பி, அவர் சொல்லி வேறு இரண்டு பேர். அன்று வண்டியிலிருந்து இறக்காமல் போனவர்களில் ஒருவர். மற்றவர்கள் இன்னும் கடலூர்க் கடைக்குத்தான் போகிறார்கள். போகட்டும்.

மேடம் கடைக்கே வந்து பார்த்தார். பாய் நாற்காலியில், நான் கீழே சாக்கில். போட்டோ எடுத்துக்கொண்டார். ஒப்பந்தம் இப்படியே தொடரும், பயமில்லை. தேர்வு அடுத்த மாதம். எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில்.

கம்ப்யூட்டரில். அதுதான் புதுப் பயம். மௌஸ் பிடித்ததே இல்லை.

அக்டோபர் 11, சனி

யாழினி பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் கற்றிருக்கிறாள். பாகூரில் பிரவுசிங் சென்டருக்கு அவளே இட்டுப்போனாள். திரையில் அம்பு ஓரமாக ஓடிப்போய் ஒளிந்துகொள்கிறது. "மா, ஏன் இப்டி கழுத்தப் புடிக்கிற மாதிரி புடிக்கிற. மெதுவா." பக்கத்துப் பையன் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். சிரிக்கட்டும். முடிவில் பத்துக் கேள்வி கிளிக் செய்தேன்.

தொழில் கணக்கு இன்னும் தகராறு. வர்க்கமூலம். அதையும் அவளிடமே கேட்டுக்கொண்டேன். திருப்பி விளக்கம் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள், டீச்சர் மாதிரி.

அக்டோபர் 24, வெள்ளி

மழை. கடை முன்னால் குளம்.

பாய்க்குக் கட்டுப் பிரித்தார்கள். கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடையதோ போல. வந்ததும் வராததுமாக மேஜையில் இருந்த ஒயரை எடுத்தார். பிடிக்க முடியவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேரவே இல்லை. ஒயர் விழுந்தது. நான் குனிந்து இரும்புச் சுத்தியலைத் தேடுவது போல் இருந்தேன். மறுபடி எடுத்தார். மறுபடி விழுந்தது.

பயிற்சி செய்தால் கொஞ்சம் வருமாம். மெல்லிய வேலைக்கு வருமா என்று டாக்டர் சொல்லவில்லையாம். இதை ஷமீம் அக்கா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

பிரியாணி கொண்டுவந்திருந்தார். மூன்று பேரும் சாப்பிட்டோம். பாய் ஸ்பூனில். என்னைப் பார்த்து, "நீயும் அன்னைக்கு ஸ்பூன்லதான் தின்னேன்னு சொன்னே இல்ல" என்றார். சிரித்தோம். 

நவம்பர் 12, புதன்

எழுத்துத் தேர்வு போன வாரம் முடிந்தது. அம்பு ஒளியவில்லை. இன்று செய்முறை.

பெண் நான் ஒருத்திதான். பையன்கள் எல்லோரும் என்னை அக்கா என்றார்கள், ஒருத்தன் மேடம் என்று எழுந்தே நின்றுவிட்டான், தேர்வாளர் என்று நினைத்து. எரிந்த மோட்டார் ஒன்று கொடுத்தார்கள். பிரித்தேன், வரைந்தேன், சுற்றினேன். தேர்வாளர் வந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். பாதி புரிந்தது. பாதிக்கு ஊகமாகப் பதில் சொல்லலாமா என்று ஒரு நிமிடம்.

"சார், தமிழ்ல கேளுங்க. பதில் எனக்குத் தெரியும்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். தமிழில் கேட்டார். மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போய்விட்டால் மோட்டார் என்ன ஆகும். எங்கள் ஊரில் வாரம் ஒரு மோட்டார் அப்படித்தான் எரிகிறது. சொன்னேன். சொல்லிக்கொண்டே போனேன். போதும் என்று கையைக் காட்டினார்.

கால் வலி. பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை.

டிசம்பர் 17, புதன்

பாஸ்.

யாழினி மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, கணக்கில் இன்னும் எடுத்திருக்கலாம் என்றாள்.

டிசம்பர் 19, வெள்ளி

மேடம் போன். அந்த வில்லியனூர்க் கம்பெனியில் இப்போது நிரந்தர வேலையே இருக்கிறதாம். பி.எஃப்., கம்பெனி பஸ் பாகூர் வரை வருகிறது, பெண்களுக்குப் பகல் ஷிப்ட் மட்டும். போன தடவை சொன்ன கஷ்டம் ஒன்றும் இப்போது இல்லை. இவர் போகச் சொல்கிறார். கோபமாக இல்லை, நல்லதுக்காகத்தான். "மாசம் பொறந்தா சம்பளம். சேறு கெடயாது, வெயில் கெடயாது."

எல்லாம் சரி. ராத்திரி தூக்கம் இல்லை. டேப் சுற்றுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பது போலவே நினைத்து நினைத்துப் பார்த்தேன். பக்கத்தில் இன்னொருத்தி, அதற்குப் பக்கத்தில் இன்னொருத்தி. மோட்டார் ஓடுகிறதா என்று யாருக்கும் தெரியாது. அது பெட்டியில் போய்விடும்.

டிசம்பர் 20, சனி

பாயிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "போம்மா. கம்பெனி நல்லது. என்னால அதெல்லாம் குடுக்க முடியாது." இடது கையால் ஸ்குரூ பொறுக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் போவல பாய்."

ஸ்குரூ பொறுக்குவது நின்றது.

யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். கடையிலேயே வேலைக்குச் சேர்கிறேன். பரிதாபப்பட்டு இல்லை, எனக்கு முழு மோட்டார் வேண்டும். வயல் வேலையும் என்னுடையது, ஆள் கேட்டால் என்னைத்தான் அனுப்ப வேண்டும். அடுத்து வயர்மேன் லைசென்ஸுக்குப் படிக்கப்போகிறேன், வாரம் ஒரு நாள் வகுப்புக்கு விடவேண்டும்.

"சம்பளம் கேக்கலியே நீ."

"அத ஷமீம் அக்காகிட்ட பேசிக்கிறேன்."

பாய் உள்பக்கம் திரும்பி, "கேட்டியா, ஒங்கிட்ட பேசுவாளாம்" என்றார். உள்ளேயிருந்து ஷமீம் அக்கா, "எங்கிட்ட பேசுனாதான் கெடைக்கும்" என்றார்.

இவரிடம் சொல்லியாயிற்று.  பி.எஃப். இல்லையே என்றார். இல்லைதான். அந்தக் கவலை எனக்கும் உண்டு. சேர்த்துக்கொள்ள வேண்டும் ஏதாவது ஒரு வழியில். தபால் ஆபீஸில் கேட்க.

ஜனவரி 19, திங்கள்

பனி. காலையில் எதிரே வருகிறவர் தெரியவில்லை.

பொங்கல் முடிந்து நவரைப் பட்டத்து நெல் நடவு ஆரம்பம். பாகூர் ஏரிப் பக்கம் ஒரு போர். பாய் கல்யாணத்துக்குத் திருக்கனூர் போயிருக்கிறார், போனை எடுக்கவில்லை. முதல் தடவையாக, கேட்க ஆள் இல்லாமல். இவருக்குக் களத்தில் வேலை. கூலி ஆட்கள் மூன்று பேர், அக்கா அக்கா என்று என் வாயைத்தான் பார்த்தார்கள். மூன்று கால் கம்பம் ஒரு பக்கம் சாய்ந்தது, இறக்கி மறுபடி நட்டோம். ஜாயிண்டு. மெக்கர். இறக்கினோம்.

வயல்காரர் வரப்பில் நின்று கையைக் கட்டிக்கொண்டார். நான் ஸ்டார்ட்டர் போட்டேன்.

குழாயில் முதலில் காற்று. அப்புறம் செம்மண் கலந்து கொஞ்சம். எல்லோரும் குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் தண்ணீர்.